வானில் எஞ்சின் நின்றால்: சிறிய விமானங்களின் கட்டாயத் தரையிறக்கம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே ஒரு பிஸ்டன் எஞ்சினும் இரண்டு முதல் ஆறு இருக்கைகளும் கொண்ட சிறிய விமானங்களைப் பற்றிய கேள்விகள் இவை. புதிதாகப் பறக்கக் கற்பவர்களும், அவர்களுடைய வீட்டாரும், நண்பரின் விமானத்தில் முதன்முறையாக ஏறப்போகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எண்கள் தேவைப்படும் இடங்களில், பயிற்சிப் பள்ளிகளில் மிகப் பரவலாகப் பயன்படும் செஸ்னா 172எஸ் விமானத்தின் கையேட்டு எண்களைத் தந்துள்ளேன். வேறு விமானத்தில் பறப்பவர்கள் அந்த விமானத்தின் கையேட்டையே பின்பற்ற வேண்டும்.

எஞ்சின் நின்றவுடன் விமானம் கல்லைப் போல விழுந்துவிடாதா?

விழாது. விமானத்தைத் தாங்கிப் பிடிப்பது இறக்கைகளைச் சுற்றி ஓடும் காற்று. அந்த ஓட்டம் குறையாமல் இருக்கத் தேவையான வேகத்தை எஞ்சின் தருகிறது. எஞ்சின் நின்றுவிட்டால், விமானி மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, கையிலிருக்கும் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து அந்த வேகத்தைக் காத்துக்கொள்கிறார். மேட்டிலிருந்து இறங்கும் சைக்கிள் மிதிக்காமலேயே ஓடுவதைப் போன்றது இது.

முழு எடையுடன் பறக்கும் செஸ்னா 172எஸ் விமானத்துக்கு இதற்கு ஏற்ற வேகம் 68 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 126 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஓர் அடி இறங்குவதற்குள் அது ஏறத்தாழ ஒன்பது அடி முன்னே சென்றுவிடும். காற்று வீசாத நாளில் 3,000 அடி உயரத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தூரம் போகலாம். தரையைத் தொடுவதற்கு ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் ஆகும்.

பயிற்சியின்போது ஆசிரியர் முதன்முறையாகக் குறுக்கே கை நீட்டி எஞ்சினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுவதும் இழுத்துவிட்ட கணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வயிறு கலங்கும் என்று எதிர்பார்த்துக் கொண்டிருந்தேன். எஞ்சினின் இரைச்சல் அடங்கி, கதவின் இடுக்கில் காற்று சீறும் ஒலி முதன்முறையாகக் காதில் விழுந்தது. மூக்கு தானாகவே சற்றுத் தாழ்ந்தது. உயரமானியின் முள் நிதானமாகப் பின்னோக்கி நகர்ந்தது. அவ்வளவுதான். விமானம் தன் பாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தது. பதற்றம் முழுவதும் என்னிடம்தான் இருந்தது.

அப்படியானால் இத்தகைய விபத்துகளில் உயிரிழப்பு ஏன் ஏற்படுகிறது?

பெரும்பாலும் எஞ்சின் நின்றதற்கும் விமானம் தரையைத் தொடுவதற்கும் இடையில் விமானி வேகத்தை இழந்துவிடுவதால் ஏற்படுகிறது. எதிரே ஒரு வயலும் அதன் முன்னே ஒரு மர வரிசையும் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். உயரம் போதவில்லை என்று தோன்றும்போது, மூக்கைத் தூக்கினால் இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்று கை தானாகவே யோக் எனும் கைச்சக்கரத்தைப் பின்னால் இழுக்கிறது. ஆனால் மூக்கு உயர உயர வேகம் குறைந்து, இறக்கையைக் காற்று சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டியதும் காற்று இறக்கையை ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடுகிறது. இதைத்தான் ஸ்டால் என்கிறோம். ஒரு பக்க இறக்கை மறுபக்கத்துக்கு முன்பே தாங்குசக்தியை இழந்தால் விமானம் அந்தப் பக்கமாகச் சரிந்து, சுழன்றபடி விழும். உயரம் இருந்தால் மீளலாம். 200 அடியில் மீள வழியில்லை.

அதே விமானம், இறக்கைகள் சமமாக இருக்க, குறைந்த வேகத்தில், விமானியின் கட்டுப்பாட்டிலேயே புதர்க்காட்டில் இறங்கினாலும் உள்ளே இருப்பவர்கள் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. இதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. சிறிய விமானங்களின் அறையும் இருக்கைகளும் முன்னோக்கிய திசையில் புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு விசையைத் தாங்கி உள்ளிருப்பவரைக் காக்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. அந்த விசை சீராகச் செயல்பட்டால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் ஓடும் விமானம் நிற்பதற்குச் சுமார் 3 மீட்டர் போதும். வேகம் 160 ஆனால் 11 மீட்டருக்கு மேல் வேண்டும். வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஆகவே இந்தப் பக்கம் முழுவதிலும் நான் வேகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பேன்: பறக்கும்போது வேகம் குறையக்கூடாது, தரையைத் தொடும் கணத்தில் அது முடிந்தவரை குறைந்திருக்க வேண்டும்.

எஞ்சின்கள் ஏன் நிற்கின்றன?

இயந்திரம் உடைந்துபோவதுதான் முதல் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். உடைவதும் உண்டு. ஆனால் எரிபொருள் தொடர்பான காரணங்கள் வியப்பூட்டும் அளவுக்கு அதிகம். 2011 முதல் 2015 வரையிலான ஆண்டுகளைப் பார்த்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், எரிபொருளைச் சரிவரக் கவனிக்காததால் அந்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 50 விபத்துகளுக்கு மேல் நிகழ்வதாக விமானிகளை எச்சரித்தது.

இதில் இரண்டு வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, விமானத்திலுள்ள எரிபொருள் முழுவதும் தீர்ந்துபோவது. மற்றொன்று, எரிபொருள் இருந்தும் அது எஞ்சினுக்குப் போய்ச் சேராதது. ஒரு தொட்டி காலியாகிவிட, மறு தொட்டியில் எரிபொருள் அப்படியே இருக்கும். அதற்கு மாற்றும் திருகைத் திருப்ப விமானி மறந்திருப்பார். அல்லது திருப்ப முடியாமல் போயிருக்கும்.

1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் பாடகர் ஜான் டென்வர் ஓட்டிய, ஆர்வலர்கள் தாமே கட்டிக்கொள்ளும் வகையான லாங்-ஈஸி விமானம் கடலில் விழுந்து அவர் இறந்தது இரண்டாவது வகையைப் புரியவைக்கும். ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்கு மாற்றும் கைப்பிடி, மூல வடிவமைப்பின்படி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். அந்த விமானத்தைக் கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். எரிபொருள் அளவு காட்டும் கண்ணாடிக் குழாய்களும் பின்னால்தான் இருந்தன. கைப்பிடி எட்டவில்லை என்பது புறப்படும் முன்பே தெரிந்திருந்தும், எரிபொருள் நிரப்பிக்கொள்ளாமல் அவர் கிளம்பினார். அதைத் திருப்ப உடலை வளைத்தபோது மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரடரின் வலது மிதியை அறியாமல் அழுத்தி, விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார் என்பது விசாரணையின் முடிவு. ஒரு கைப்பிடி எட்டும் தூரத்தில் இல்லாததும், தொட்டியை நிரப்பாததும் சேர்ந்து ஓர் உயிரை எடுத்தன. இருக்கையில் அமர்ந்து வாரை இறுக்கிக் கட்டிய நிலையில் எந்தத் திருகு எட்டவில்லையோ, அது வானில் இல்லாததற்குச் சமம்.

எரிபொருளில் நீர் கலப்பதும் உண்டு. இரவில் பாதி காலியாக இருக்கும் தொட்டியின் உட்சுவரில் ஈரம் படிந்து சொட்டுகிறது. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் மழைநீரும் இறங்குகிறது. நீர் எரிபொருளைவிடக் கனமானது என்பதால் தொட்டியின் அடியில் தங்கும். செஸ்னா 172எஸ் விமானத்தில் அதை வடித்துப் பார்க்க 13 வடிகுழாய்கள் உள்ளன. காலையில் கண்ணாடிக் குவளையுடன் குனிந்து ஒவ்வொன்றையும் அழுத்தி வடிக்கும்போது கைகள் நனைந்து நாறும். பதின்மூன்றும் அவசியமா என்று அலுப்புத் தட்டும். அவசியம்தான். பிஸ்டன் எஞ்சின்களுக்கான 100 எல்எல் எரிபொருள் வெளிர்நீலமாக இருக்கும். நீர் இருந்தால் அடியில் நிறமற்ற குமிழாகத் திரண்டு உருளும். குவளை முழுவதும் நிறமின்றித் தெளிவாக இருந்தால் மகிழ்ந்துவிடக் கூடாது. அது முழுவதும் நீராகவே இருக்கலாம், அல்லது ஜெட் விமான எரிபொருளைத் தவறுதலாக நிரப்பியிருக்கலாம்.

இயந்திரக் கோளாறுகளில் எண்ணெய் கசிந்து எஞ்சின் இறுகிப்போவது, வால்வு சிக்கிக்கொள்வது, எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ பழுதடைவது ஆகியவை அடிக்கடி கேள்விப்படுபவை. பழுதுபார்த்துத் திரும்பிய விமானத்தின் முதல் பயணத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கழற்றி மாட்டப்பட்ட ஒவ்வொரு பாகமும் தவறாக மாட்டப்பட்டிருக்கக்கூடிய பாகமே.

வெயில் காலத்திலும் கார்புரேட்டரில் பனிக்கட்டி உறையும் என்பது உண்மையா?

உண்மை. எரிபொருளையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து பாயும்போது அதன் அழுத்தம் குறைகிறது. கூடவே எரிபொருள் ஆவியாகிறது. இரண்டும் சேர்ந்து அங்கே வெப்பநிலையை 30 டிகிரி செல்சியசுக்கு மேலும் குறைத்துவிடக்கூடும். காற்றில் ஈரப்பதம் இருந்தால் அது உறைந்து கழுத்தை அடைக்கத் தொடங்கும். வெளி வெப்பநிலை 21 டிகிரிக்குக் கீழும் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலும் இருக்கும்போது இதற்கு வாய்ப்பு மிக அதிகம். ஆனால் 38 டிகிரி வெயிலிலும் 50 சதவீத ஈரப்பதத்திலும்கூட இது நிகழலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கையேடு எச்சரிக்கிறது.

நிலையான கோணம் கொண்ட புரொப்பெல்லர் உள்ள விமானத்தில் முதல் அறிகுறி, த்ராட்டிலைத் தொடாமலேயே சுழற்சி எண்ணிக்கை மெல்லக் குறைவது. உடனே கார்புரேட்டர் வெப்பக் குமிழை முழுவதுமாக இழுக்க வேண்டும். இழுத்தவுடன் எஞ்சின் முன்பைவிட மோசமாகத் திணறும், உதறும். உருகிய நீரை அது விழுங்கிக்கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். இந்த இடத்தில்தான் புதியவர்கள் பயந்து குமிழைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுகிறார்கள். தள்ளக் கூடாது. பொறுத்திருந்தால் உதறல் அடங்கி எண்ணிக்கை ஏறும். செஸ்னா 172எஸ் எரிபொருளை நேரடியாகச் செலுத்தும் எஞ்சின் கொண்டது என்பதால் அதற்குக் கார்புரேட்டர் கிடையாது. பழைய 172 ரகங்களில் பறப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

புறப்பட்ட உடனே எஞ்சின் நின்றால் ஓடுபாதைக்கே திரும்பிவிடலாமா?

தாழ்ந்த உயரத்தில் திரும்பக் கூடாது. பின்னால் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குத் தார்ச்சாலை போலப் பாதுகாப்பான இடம் கிடக்கும்போது, முன்னால் தெரியும் முட்புதரில் ஏன் இறங்க வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் வரும். கணக்கைப் பார்த்தால் விடை தெரியும்.

300 அடி உயரத்தில் எஞ்சின் நிற்கிறது. நடந்ததை நம்பிச் செயல்படத் தொடங்கவே விமானிக்கு நான்கு விநாடிகள் ஆகின்றன. 65 நாட் வேகத்தில், விநாடிக்கு மூன்று டிகிரி வீதம் திரும்பினால் 180 டிகிரி திரும்ப ஒரு நிமிடம் பிடிக்கும். திரும்பி முடிக்கும்போது விமானம் ஓடுபாதையின் நேர்கோட்டிலிருந்து 4,200 அடி பக்கவாட்டில் இருக்கும். ஆகவே ஓடுபாதையை நோக்க மேலும் 45 டிகிரி திரும்ப வேண்டும். மொத்தம் 79 விநாடிகள். நிமிடத்துக்கு 1,000 அடி வீதம் இறங்கினால் இதற்குள் 1,300 அடிக்கு மேல் உயரம் செலவாகியிருக்கும். இருந்ததோ 300 அடி.

செங்குத்தாகச் சாய்ந்து வேகமாகத் திரும்பினால் நேரம் மிச்சமாகுமே என்று கேட்பார்கள். மிச்சமாகும். ஆனால் 45 டிகிரி சாய்ந்து மட்டம் குலையாமல் திரும்பும்போது ஸ்டால் வேகம் 19 சதவீதம் உயர்கிறது. ஃபிளாப் (குறைந்த வேகத்தில் பறக்க உதவும், இறக்கையின் பின்விளிம்புப் பலகை) இறக்காத செஸ்னா 172எஸ் நேராகப் பறக்கையில் 48 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும். 45 டிகிரிச் சாய்வில் அது 57 நாட். தரை மிக அருகில் தெரியும் பதற்றத்தில் மூக்கைச் சற்றே தூக்கினாலும் அந்த இடைவெளி கரைந்துவிடும். போதாததற்கு, புறப்படும்போது எதிராக வீசிய காற்று திரும்பியபின் முதுகிலிருந்து தள்ளும்.

2015 மார்ச் 5 அன்று நடிகர் ஹாரிசன் ஃபோர்ட், இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பயிற்சி விமானமான ரையன் பிடி-22 ஒன்றில் சாண்டா மோனிகா விமான நிலையத்திலிருந்து தனியாகப் புறப்பட்டார். சுமார் 1,100 அடி உயரத்தில் எஞ்சின் சக்தி இழந்தது. அவர் நிலையத்தை நோக்கி இடப்புறம் திரும்பினார். வழியிலேயே ஓடுபாதையை எட்ட முடியாது என்பதை உணர்ந்தார். விமானம் ஒரு மரத்தின் உச்சியில் இடித்து, ஓடுபாதை முனையிலிருந்து ஏறத்தாழ 800 அடி தள்ளி கோல்ஃப் மைதானத்தில் விழுந்து நின்றது. பலத்த காயங்களுடன் அவர் உயிர் தப்பினார். கார்புரேட்டருக்குள் எரிபொருளை அளந்துவிடும் முதன்மை ஜெட் கழன்றிருந்ததால் தேவைக்கு மேல் எரிபொருள் பாய்ந்து எஞ்சின் மூச்சடைத்தது என்று விசாரணையில் தெரியவந்தது. தோள் வார் பொருத்தப்பட்டிருந்த இருக்கையின் முதுகுப்பகுதிக்குப் போதிய வலு இல்லாததும் காயங்கள் கடுமையானதற்கு ஒரு காரணம். ஓடுபாதை கிட்டாது என்று தெரிந்தும், அதை எட்டிப்பிடிக்க மூக்கைத் தூக்கி வேகத்தைக் கரைக்காமல் இருந்ததுதான் அவரைக் காத்தது என்று நான் கருதுகிறேன்.

ஆகவே, புறப்படும் முன்பே ஓடுபாதையின் தொடக்கத்தில் நின்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது நல்ல பழக்கம்: ஓடுபாதையில் இருக்கும்போதே எஞ்சின் நின்றால் த்ராட்டிலை மூடி நிறுத்துவேன், இந்த உயரத்துக்குக் கீழே நின்றால் எதிரே இடப்புறமோ வலப்புறமோ சற்றே திரும்பி இறங்குவேன், இந்த உயரத்துக்கு மேல் மட்டுமே திரும்புவதைப் பற்றி யோசிப்பேன். அந்த உயரம் எது என்பதை, பாதுகாப்பான உயரத்தில் ஆசிரியருடன் திரும்பிப் பார்த்து, எத்தனை அடி இழக்கிறோம் என்று அளந்து ஒவ்வொருவரும் தமக்கென வகுத்துக்கொள்ள வேண்டும். ஏறும்போது எஞ்சின் நின்றால் மூக்கு உயர்ந்திருப்பதால் வேகம் மிக விரைவாகச் சரியும். முதல் வேலை, தயங்காமல் யோக்கை முன்னே தள்ளுவது.

எஞ்சின் முழுவதும் நிற்காமல் பாதி சக்தியுடன் ஓடினால் நிலைமை சற்று நல்லதுதானே?

அனுபவம் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2000 முதல் 2010 வரையிலான நிகழ்வுகளைத் தொகுத்தது. ஒற்றை எஞ்சின் விமானங்களில் புறப்பட்டபின் பகுதி சக்தி இழந்த நிகழ்வுகள் 242. அவற்றில் ஒன்பதில் உயிரிழப்பு. புறப்பட்டபின் எஞ்சின் முழுமையாக நின்ற நிகழ்வுகள் 75. அவற்றில் உயிரிழப்பு ஒன்றுகூட இல்லை.

எஞ்சின் அடியோடு நின்றுவிட்டால் விமானிக்கு வேறு வழியில்லை. மூக்கைத் தாழ்த்தி இறங்குவார். பாதி ஓடினாலோ நம்பிக்கை விடாது. இன்னும் கொஞ்சம் தாங்கும், சுற்றிவந்து ஓடுபாதையில் இறங்கிவிடலாம் என்று உயரத்தைக் காக்க முயன்று வேகத்தை இழக்கிறார். அல்லது திரும்பும் வழியில், வீடுகளுக்கு மேலே, மிச்சமிருந்த சக்தியும் போய்விடுகிறது. அந்த எஞ்சின் அடுத்த நொடியே நிற்கலாம் என்று வைத்துக்கொண்டு, நின்றால் இறங்கக்கூடிய நிலத்தின் எட்டுதூரத்தை விட்டு விலகாமல் பறப்பதே சரி. சக்தி மீண்டும் கூடினாலும் அதை நம்பிப் பயணத்தைத் தொடரக் கூடாது.

போதிய உயரத்தில் எஞ்சின் நின்றால் விமானி என்னென்ன செய்வார்?

முதலில் 68 நாட் வேகத்துக்கு மூக்கைச் சரிசெய்து, ட்ரிம் சக்கரத்தைச் சுழற்றி அந்த நிலையிலேயே விமானத்தை நிறுத்துவார். பிறகு இறங்குமிடத்தைத் தேர்ந்து அதை நோக்கித் திரும்புவார். புகை சாயும் திசை, குளத்து நீரின் அலை, தோப்பு அசையும் விதம் ஆகியவை காற்றின் திசையைச் சொல்லிவிடும். இவ்வளவும் ஆன பிறகுதான் எஞ்சினை உயிர்ப்பிக்கும் முயற்சி: எரிபொருள் அடைப்பு வால்வு உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா, தேர்வுத் திருகு இரு தொட்டிக்கும் பொதுவான நிலையில் இருக்கிறதா என்று பார்த்து, துணை பம்ப்பை இயக்கி, எரிபொருள்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்தும் மிக்சர் குமிழை முழுவதும் தள்ளி, மேக்னெட்டோ சாவி இரண்டுக்கும் பொதுவான நிலையில் இருப்பதை உறுதிசெய்வார். காரணம் எரிபொருள்தான் என்றால் பல சமயங்களில் இதிலேயே எஞ்சின் உயிர்பெற்றுவிடும்.

உயிர்பெறாவிட்டால், ஏற்கெனவே தொடர்பிலிருக்கும் நிலையத்துக்கோ 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையிலோ மூன்று முறை மேடே என்ற ஆபத்து அழைப்பை அறிவித்து, இடத்தையும் உள்ளிருப்போர் எண்ணிக்கையையும் சொல்லி, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் அவசரநிலைக் குறியீடான 7700 வைப்பார். பேச்சுக்காக ஓட்டுவதை விட்டுவிடக் கூடாது. கீழே இருப்பவர் எவ்வளவு அக்கறையாகப் பேசினாலும் அவரால் விமானத்தின் மூக்கைத் தாழ்த்த முடியாது.

தரையை நெருங்கும்போது மிக்சரை வெட்டி, எரிபொருளை அடைத்து, மேக்னெட்டோவை அணைக்க வேண்டும். தீப்பிடிக்கும் வாய்ப்பை இது குறைக்கும். ஒரு சிறு செய்தியை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த விமானத்தின் ஃபிளாப்கள் மின்சாரத்தால் இயங்குபவை. விமானத்தின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்டர் சுவிட்சை அவசரப்பட்டு முதலிலேயே அணைத்துவிட்டால் ஃபிளாப் இறங்காது. அதிக வேகத்தில் தரையைத் தொட நேரும். இறங்குமிடத்தை எட்டுவது உறுதியான பிறகு ஃபிளாப், அதற்குப் பிறகே மாஸ்டர்.

இறங்குமிடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? நெடுஞ்சாலை நல்லதல்லவா?

தொலைவிலுள்ள மிக நல்ல இடத்தைவிட, உறுதியாக எட்டக்கூடிய சுமாரான இடமே மேல். எல்லோரும் முன்னால் பார்க்கிறார்கள். இறக்கைக்கு நேர் கீழே இருக்கும் நல்ல வயலைத் தவறவிடுகிறார்கள். எட்டும் என்று தெரிந்த இடத்துக்கு மேலே உயரத்துடன் போய்ச் சேர்ந்து, அதைச் சுற்றியே வட்டமிட்டு இறங்குவது நல்லது. மிஞ்சிய உயரத்தை ஃபிளாப்பாலும் பக்கவாட்டுச் சறுக்கலாலும் கழித்துவிடலாம். போதாத உயரத்தை எங்கும் வாங்க முடியாது.

எதிர்க்காற்றில் இறங்குவதன் மதிப்பு பலருக்குத் தெரிவதில்லை. 55 நாட் வேகத்தில் தரையைத் தொடும் விமானம் 15 நாட் எதிர்க்காற்றில் 40 நாட் வேகத்திலும், அதே காற்று பின்னாலிருந்து வீசினால் 70 நாட் வேகத்திலும் தரையில் ஓடும். மோதலின் ஆற்றல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேறுபடுகிறது. உழுத வயலில் சால் ஓடும் திசையிலேயே இறங்க வேண்டும். சேற்று வயலில் முன்சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழலாம். ஆனாலும் பெரும்பாலும் ஆட்கள் பிழைத்துக்கொள்வார்கள். சரிவு நிலமென்றால் மேல்நோக்கி இறங்க வேண்டும்.

நெடுஞ்சாலை மேலிருந்து பார்க்க அழகான ஓடுபாதையாகத் தெரியும். கீழே வரும்போதுதான் குறுக்கே ஓடும் மின்கம்பிகளும் விளக்குக் கம்பங்களும் வழிகாட்டிப் பலகைகளும் வெளிப்படும். கம்பி கண்ணுக்குத் தெரியாது. கம்பத்தைத் தேடிப் பார்த்துக் கம்பியை ஊகிக்க வேண்டும். 172 விமானத்தின் இறக்கைகளின் முழு அகலம் 11 மீட்டர். அதற்கு இடம் விடும் சாலையில் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வண்டிகளில் இருப்போர் இந்த ஆபத்தில் பங்கேற்கச் சம்மதித்தவர்கள் அல்லர். வண்டிகளற்ற சாலையைத் தவிர வேறிடமே இல்லையென்றால் மட்டும் அதை நாடலாம்.

காடு மட்டுமே இருந்தால், முழு ஃபிளாப்புடன், எதிர்க்காற்றில், கட்டுப்பாட்டை இழக்காத மிகக் குறைந்த வேகத்தில், அடர்ந்த தாழ்ந்த மரங்களின் மேல் அமர வேண்டும். இறக்கைகளும் சக்கரங்களும் முறியட்டும். அவை முறியும்போது நமக்கு வரவேண்டிய அடியை வாங்கிக்கொள்கின்றன. விமானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசையை எஞ்சின் நின்ற கணத்திலேயே விட்டுவிட வேண்டும். சொந்தப் பணத்தில் வாங்கியவருக்கு இது மிகக் கடினம் என்பதை அறிவேன். ஆனால் அந்த ஆசையில் தொலைவிலுள்ள ஓடுபாதையை எட்டப் பார்த்து வேகத்தை இழந்தவர்கள் பலர்.

முழு விமானத்துக்குமான பாராசூட் இருந்தால் கவலையில்லையா?

சிரஸ் விமானங்களில் ராக்கெட்டால் விரிக்கப்படும் இத்தகைய பாராசூட் உண்டு. 2015 ஜனவரியில் கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய் தீவுகளுக்குத் தனியாகப் பறந்த ஒருவரின் எஸ்ஆர்22 விமானத்தில், நெடும்பயணத்துக்காகப் பொருத்திய கூடுதல் தொட்டியின் எரிபொருளை எடுக்க முடியாமல் போனது. அவர் முன்கூட்டியே செய்தி சொல்லி, அருகிலிருந்த சுற்றுலாக் கப்பலை நோக்கிப் போய், கட்டுப்பாட்டில் இருக்கும்போதே பாராசூட்டை விரித்துக் கடலில் இறங்கினார். கப்பல் அவரை மீட்டது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை விமானம் எடுத்த படத்தில் அந்த நிதானத்தைக் காணலாம்.

எனினும் அதற்கும் உயரம் வேண்டும். முந்தைய எஸ்ஆர்22 ரகங்களில், நேராகப் பறக்கும் நிலையில் விரித்தாலே 400 அடி இழப்பு உண்டு. சுழன்று விழும் நிலையில் இரு மடங்குக்கும் மேல். ஆகவே விரிப்பதையும் நேரத்தோடு முடிவுசெய்தாக வேண்டும்.

இரண்டு எஞ்சின் விமானம் இருமடங்கு பாதுகாப்பானதா?

இல்லை. ஒன்று நின்றால் மற்றது விமானத்தை ஒரு பக்கமாக இழுக்கும். குறைந்த வேகத்தில் அதைச் சமாளிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். பயிற்சியைப் புதுப்பித்துக்கொள்பவருக்கு மட்டுமே அது பாதுகாப்பு.

நான் பயணியாக இருந்தால் என்ன செய்ய வேண்டும்?

பேசாமல் இருப்பது பெரிய உதவி. விமானி கேட்டால் மட்டும் கீழே தெரியும் கம்பங்களையும் கம்பிகளையும் சொல்லுங்கள். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, அது பூட்டிக்கொண்டதா என்று அசைத்துப் பாருங்கள். இடுப்பு வாரைத் தாழ்த்தி இறுக்கி, தோள் வாரைக் கட்டாயம் மாட்டுங்கள். முகமும் நெஞ்சும் முகப்புப் பலகையில் மோதுவதைத் தடுப்பது அதுதான். மூக்குக்கண்ணாடி, சட்டைப் பையிலிருக்கும் பேனா, மடியிலிருக்கும் கேமரா ஆகியவற்றை அகற்றி, ஸ்வெட்டரோ பையோ இருந்தால் முகத்துக்கு முன்னே பிடித்துக்கொள்ளுங்கள். விமானி சொல்லும்போது கதவின் தாழைத் திறந்து வையுங்கள். சட்டகம் வளைந்தால் கதவு பிறகு திறக்காமல் போகலாம். கடலில் இறங்க நேர்ந்தால் உயிர்காப்புச் சட்டையை வெளியே வந்த பிறகே ஊத வேண்டும். உள்ளேயே ஊதிக்கொண்டால் மேலே மிதந்து கதவு வழியே வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்வீர்கள்.

விமானம் நின்ற பிறகு?

முதலில் இறங்குங்கள். வாரைக் கழற்றுமுன் காதுப்பொறியின் கம்பியைக் கழற்றுங்கள். அதில் சிக்கித் தடுமாறுவது உண்டு. பைக்காகத் திரும்பிப் போகாதீர்கள். காற்று வரும் பக்கமாகத் தொலைவு நடந்து, எல்லோரும் வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பாருங்கள். மோதலின் அதிர்ச்சியில் 406 மெகாஹெர்ட்ஸ் இடங்காட்டும் கருவி தானாக இயங்கியிருக்கலாம். ஆனாலும் கைப்பேசியில் அழைத்துச் சொல்லுங்கள். சிறிது நேரத்தில் சுற்றுவட்டார மக்கள் ஓடிவந்து கூடிவிடுவார்கள். விமானத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள். அவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, யாரும் சிகரெட் பற்றவைக்க வேண்டாம், அருகே போக வேண்டாம் என்பதே. எஞ்சின் நின்றது எரிபொருள் தீர்ந்ததால் அல்ல என்றால், முழுத் தொட்டியுடன் கிளம்பிய 172எஸ் விமானத்தின் இறக்கைகளில் அப்போதும் 200 லிட்டருக்கு அருகில் எரிபொருள் இருக்கக்கூடும். அதன் மூட்டுகளில் எங்கிருந்து அது சொட்டிக்கொண்டிருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது.